மலையில் ஒரு வாரம் வாங்குவது: டைம்ஷேரை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அன்றிலிருந்து டைம்ஷேர் உறுப்பினர்கள், அதாவது ரிசார்ட் அறையை வருடத்தில் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி வைத்திருப்பவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "இருபத்தைந்து வருடத்துக்குப் பணம் கட்டி வாரம் வாங்கி வைத்திருக்கிறேன். அது என் சொத்து மாதிரிதானே? சொந்த இடத்துக்குப் போக எதற்குப் பாஸ்?"

பாஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஏன் என்று விளக்கப் போனால் பேச்சு இ-பாஸோடு நிற்காது. அந்த உறுப்பினர் வாங்கியது சொத்துதானா, அவர் தங்கப்போகும் கட்டடத்துக்கு விடுதி நடத்த அனுமதி உண்டா, அனுமதி இல்லாமல் சீல் வைத்தால் அவர் வாரத்துக்கு யார் பொறுப்பு என்று எல்லாம் கிளம்பி வரும். இதற்கெல்லாம் பதில் சொல்லும் ஒரே சட்டம் நம்மிடம் இல்லை. டெல்லியில் இருப்பவை ஒப்பந்தத்தைப் பார்க்கின்றன. நகராட்சியில் இருப்பவை கட்டடத்தைப் பார்க்கின்றன. விற்கப்படும் 'வாரம்' இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

டைம்ஷேர்: ஒரே அறை, ஐம்பது குடும்பம்

ஓர் அறையின் வருடத்தை வாரங்களாக வெட்டி விற்பதுதான் டைம்ஷேர். வருடத்துக்கு 52 வாரம். வெள்ளையடிக்க, பைப் மாற்ற என்று இரண்டு வாரத்தை எடுத்து வைத்தால் மிச்சம் 50. ஆக ஒரே அறையை 50 குடும்பங்களுக்கு விற்கலாம். 40 அறை ரிசார்ட் என்றால் 2,000 உறுப்பினர்கள். நான்கு படுக்கையறை கொண்ட பழைய பங்களா ஒன்றை இப்படி வெட்டினால் 200 குடும்பங்கள். இந்த 200 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டுக்கு இத்தனை குடும்பம் வந்து போவதில்தான் மலை ஊருக்கு வரும் சிக்கலே இருக்கிறது.

1960களில் ஐரோப்பாவில் தொடங்கிய இந்த வியாபாரம் இந்தியாவில் 1980களின் பிற்பாதியில் வேர்விட்டது. 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனத்தின் தொடக்ககால ரிசார்ட்டுகளில் கொடைக்கானலும் ஒன்று. 1996இல் கிளப் மஹிந்திரா வந்தது. இன்று பெரிய நிறுவனங்கள் தவிர, ஐந்தாறு காட்டேஜ்களை வைத்துக்கொண்டு கோவை, மதுரை ஹோட்டல் ஹால்களில் 'லக்கி டிரா பரிசு' என்று தம்பதிகளைக் கூப்பிட்டு விற்பவர்களும் உண்டு. ஹாலில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான்: "இது உங்க ஹாலிடே ஹோம் சார்." கையெழுத்துக்கு நீட்டும் காகிதம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்:

1. உறுப்பினர் திட்டம். 10, 25 வருடம் என்று ஒரு காலம். வருடத்துக்கு ஏழு நாள் அல்லது அதற்கு ஈடான புள்ளிகள். எந்த ஊர், எந்தத் தேதி என்பதெல்லாம் அறை காலி இருந்தால்தான். கட்டடத்தில் உங்களுக்கு எந்தப் பங்கும் கிடையாது. விற்பனையில் பெரும்பகுதி இந்த வகைதான்.

2. குறிப்பிட்ட வாரம். இன்ன ரிசார்ட், இன்ன அறை, மே மாதத்து இன்ன வாரம் என்று எழுதித் தருவது. பழைய ஒப்பந்தங்களில் பார்க்கலாம்.

3. பங்கு உரிமை. ஒரு காட்டேஜை எட்டுப் பேரோ பத்துப் பேரோ சேர்ந்து வாங்கி, பிரிபடாத பாகமாகப் பத்திரம் பதிந்து, ஆளுக்கு இத்தனை வாரம் என்று பிரித்துக்கொள்வது. கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இப்போது அதிகம் காதில் விழுவது இதுதான்.

4. வருமானம் தரும் திட்டம். "நீங்கள் தங்காத நாட்களை நாங்கள் வாடகைக்கு விட்டு உங்களுக்குப் பணம் தருகிறோம், அல்லது ஐந்து வருடம் கழித்து இரட்டிப்பாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்." இது விடுமுறை வியாபாரமே இல்லை. பின்னால் பார்ப்போம்.

முதல் வகைக்காரருக்குக் கிடைப்பது சட்டப்படி ஓர் 'உரிமம்', அதாவது இன்னொருவர் இடத்தில் நுழைந்து தங்கிக்கொள்ளும் அனுமதி. 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதை வரையறுக்கிறது. அதே சட்டத்தின் 59ஆவது பிரிவைத்தான் விற்பனை ஹாலில் யாரும் படித்துக் காட்டுவதில்லை. இடத்தின் உரிமையாளர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டால், வாங்கியவர் பழைய உரிமத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது அது. ரிசார்ட் கைமாறினால் உங்கள் வாரம் கட்டடத்தோடு சேர்ந்து போகாது; பணம் வாங்கிய நிறுவனத்தின் மீது உங்களுக்குள்ள கோரிக்கையாக மட்டும் மிஞ்சும். சொந்த வீடு மாதிரி என்ற பேச்சு இந்த ஒரு பிரிவிலேயே அடிபட்டுப் போகிறது.

தனிச் சட்டம் இல்லை. அதற்காக வெற்றிடமும் இல்லை

இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. மத்திய சுற்றுலா அமைச்சகம் டைம்ஷேர் ரிசார்ட்டுகளைத் தரம் பிரிக்க வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. ஆனால் அதில் பதிவது விருப்பத்தின் பேரில்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இத்தனை நாளுக்குள் மனம் மாறினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்ற கட்டாயம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு (14 நாள்). அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 10 நாள். இங்கே சில நிறுவனங்கள் அப்படி ஒரு காலத்தைத் தாங்களாகவே ஒப்பந்தத்தில் எழுதுகின்றன. எழுதாவிட்டால் கேட்க வழியில்லை.

சரி, இருப்பவை என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. உறுப்பினருக்கு உண்மையில் கை கொடுப்பது இதுதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஒப்பந்தத்தில் "எல்லா வழக்கும் மும்பையில்தான்" என்று எழுதியிருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க 34ஆவது பிரிவு இடம் தருகிறது. நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்ற ஷரத்தும் நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது என்பது 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிவாகிவிட்டது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "அடுத்த சீசனுக்குப் பார்த்துக்கலாம் சார்" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்த இரண்டு வருடக் கணக்கு நன்றாகவே தெரியும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, அதாவது ரெரா. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு அலகுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டங்கள் இதில் பதிய வேண்டும். பங்கு உரிமை காட்டேஜ்கள் பெரிய திட்டமாக வந்தால் இதற்குள் வரும். வெறும் உறுப்பினர் திட்டத்தில் கட்டட விற்பனையே நடக்காததால் ரெரா அதைத் தொடாது.

பங்குச் சந்தையையும் முதலீட்டுத் திட்டங்களையும் கண்காணிக்கும் வாரியமான செபி, நான்காவது வகைக்கு. பலரின் பணத்தைச் சேர்த்து, லாபம் தருவதாகச் சொல்லி, முதலீட்டாளர் கையில் நிர்வாகம் இல்லாமல் நடத்தினால் அது 'கூட்டு முதலீட்டுத் திட்டம்'. செபி சட்டத்தின் 11ஏஏ பிரிவு இதைச் சொல்கிறது. மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் 'அறை இரவுகள்' விற்றது. தங்காவிட்டால் முதிர்வுத் தொகை என்றது. 2014இல் புதிதாகப் பணம் திரட்ட செபி தடை போட்டது. 2016இல் சுமார் 7,000 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னது. பணம் போட்டவர்கள் 50 லட்சம் பேருக்கு மேல். ரிசார்ட்டில் கால் வைக்கும் எண்ணமே இல்லாமல் அறை வாங்கியவர்கள்தான் அதில் பெரும்பாலோர். தங்குவதற்கு விற்கிறார்களா, தங்காமல் இருப்பதற்கு விற்கிறார்களா என்று பார்த்தாலே நான்காவது வகையைப் பிரித்துவிடலாம்.

இந்த மூன்றும் பணத்தையும் வாக்குறுதியையும் பார்க்கின்றன. கட்டடம் மலைச்சரிவில் எப்படி நிற்கிறது என்பதை இவற்றில் ஒன்றுகூடப் பார்க்காது. அதைப் பார்க்க வேண்டியது உள்ளூர்.

மலை ஊரில் கட்டடத்துக்கு எத்தனை காவல்?

சமவெளியில் இருப்பதைவிட அதிகம்தான்.

கொடைக்கானலுக்கு 1993இல் மாஸ்டர் பிளான் வந்தது. அதே ஆண்டில் மலைவாழிடங்களுக்கென்று தனிக் கட்டட விதிகளும் வந்தன. நீலகிரியில் கட்டட உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு ஊரறிந்தது. தரைத்தளமும் முதல் தளமும் போட்டாலே கணக்கு முடிந்துவிடும். அதற்கும் முன்னால், 1990இல், ஹாக்கா என்று எல்லாரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைந்தது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மனைப்பிரிவோ கட்டடமோ வர வேண்டுமானால் வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஒவ்வொரு துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். மண் அள்ளும் இயந்திரம் ஓட்டக்கூட முன் அனுமதி கேட்கும் ஊர்கள் இவை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கங்களில் சரிவுகள் இறங்கி 40 பேருக்கு மேல் மண்ணில் புதைந்ததை நினைத்தால் இந்தக் கெடுபிடி அதிகமாகத் தெரியாது.

விதி மீறினால் என்ன? 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆவது பிரிவுகளின்படி நோட்டீஸ், பிறகு பூட்டி சீல், கடைசியாக இடிப்பு. இடையில் 80ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த மனு வருடக்கணக்கில் கிடப்பில் கிடக்க, ரிசார்ட் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

மூன்று சம்பவங்களைப் பார்த்தால் இந்த விதிகளின் பலமும் பலவீனமும் தெரியும்.

1. பிளசன்ட் ஸ்டே. கொடைக்கானலில் இரண்டு தளங்களுக்கு அனுமதி வாங்கிய ஹோட்டல், அதற்கு மேலே ஐந்து தளங்களை எழுப்பியது. 1994இல் அரசு விதிவிலக்கு ஆணை கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் போக, விதிவிலக்கு ரத்தானது. 1995இல் உச்ச நீதிமன்றத்திலும் ஹோட்டலுக்குச் சாதகமாக எதுவும் நடக்கவில்லை. அந்த ஆணை தொடர்பான ஊழல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரியில் தண்டனை, 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அரசே விதிவிலக்கு கொடுத்தாலும் மலையின் கட்டட விதி நிலைக்கலாம் என்பதைக் காட்டிய வழக்கு இது.

2. சீகூர் யானை வழித்தடம். நீலகிரியின் மசினகுடி, பொக்காபுரம் பகுதியில் அரசு 2010இல் வழித்தடத்தை அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில், அங்குள்ள 39 ரிசார்ட்டுகளில் அனுமதியே இல்லாத 27க்கு உடனே சீல் வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். மீதிப் பேருக்கு ஆவணம் காட்ட அவகாசம். 2020 அக்டோபர் 14இல் இறுதித் தீர்ப்பு வந்து வழித்தட அறிவிப்பு நிலைத்தது. முன்பதிவு செய்திருந்தவர்களின் கதி பற்றித் தீர்ப்பில் எதுவும் தேடாதீர்கள். அவர்கள் அந்த வழக்கில் தரப்பே இல்லை.

3. கொடைக்கானல் சீல். மாஸ்டர் பிளானை மீறியவை என்று 1,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பட்டியலாகி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின் பேரில் 2019 வாக்கில் பூட்டி சீல் வைக்கும் வேலை தொடங்கியது. பெரிய ஹோட்டல்கள் மட்டும் சிக்கவில்லை. வீடு என்று அனுமதி வாங்கி விடுதியாக நடந்த காட்டேஜ்களும் மாட்டின.

டைம்ஷேர்காரர்கள் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது இந்த மூன்றாவது சம்பவத்தைத்தான்.

வீடா, விடுதியா?

கட்டட விதிகள் எப்போதும் கேட்கும் கேள்வி 'உபயோகம்': குடியிருப்பா, வணிகமா, கல்வி நிலையமா. டைம்ஷேர் என்று தனி உபயோக வகை இல்லை. ஆகவே விற்பவர் தனக்கு வசதியான கதவு வழியாக நுழைகிறார். பங்கு உரிமை காட்டேஜ்காரர் சொல்லும் நியாயம் கேட்க எளிமையானது: "பத்துப் பேர் சேர்ந்து ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். அவரவர் வீட்டில் அவரவர் தங்குகிறார். இதில் விடுதி எங்கே வந்தது?"

பத்திரத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் வீட்டில் நடப்பதைப் பார்த்தால் வேறு. வாரா வாரம் புதுக் குடும்பம் வருகிறது. சாவி கொடுக்க மேலாளர், துணி துவைக்க ஆள், சமையல்காரர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் வேண்டும். வருடத்தில் ஒரு நாள்கூட யாரும் 'குடியிருப்பது' இல்லை. மத்திய அரசின் படுக்கை-காலை உணவுத் திட்டத்திலேயே ஒன்று முதல் ஆறு அறை வரைதான் அனுமதி. உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். ஹோம்ஸ்டேவை விடுதியிலிருந்து பிரிக்கும் கோடு அந்த 'வசிக்க வேண்டும்' என்பதுதான். பங்கு உரிமை காட்டேஜ் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. என் பார்வையில் இதை வணிக உபயோகமாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பத்திரத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்பது அந்தச் சரிவுக்குத் தெரியாது. செப்டிக் டேங்குக்கும் தெரியாது.

தண்ணீர்க் கணக்கு ஒன்று போடலாம். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். ஹோட்டலில் படுக்கைக்கு 180 லிட்டர். 40 அறை ரிசார்ட், அறைக்கு மூன்று பேர் என்றால் நாளைக்கு 21,600 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லோடு. சீசன் என்பது ஏப்ரல், மே, அதாவது கோடை. ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலியும் மார்லிமந்தும், குன்னூருக்கு ரேலியாவும் மட்டம் இறங்கும் அதே மாதங்கள். நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு போட நினைத்தபடி முடியாது. அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வரும்? பக்கத்துக் கிராமத்து ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் டேங்கரில்தான்.

சாதாரண ஹோட்டலுக்கும் இதே செலவுதானே என்று கேட்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு. வறட்சி ஆண்டில் ஹோட்டல் பாதி அறையைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம். டைம்ஷேர் ரிசார்ட் அந்த மே மாதத்தைப் பல வருடம் முன்பே விற்றுவிட்டது. சீசன் வாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறையைத் திறந்தே ஆக வேண்டும். எதிர்காலத் தேவையை இன்றைக்கே உறுதி செய்துவிடும் வியாபாரம் இது. ஆனால் திட்ட அனுமதி கொடுக்கும்போது அந்த உறுதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வரியிலும் ஓட்டை. வீட்டுக்கும் வணிகக் கட்டடத்துக்கும் சொத்து வரி விகிதம் வேறு. வீடு என்று பதிவான காட்டேஜில் வருடம் முழுக்க விருந்தினர் தங்கினாலும் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ வருவது வீட்டு வரிதான். குப்பை அள்ளுவதும் சாலை போடுவதும் மட்டும் ஹோட்டல் அளவுக்கு.

தோட்டத்துக்குள் வரும் காட்டேஜ்கள் இன்னொரு ரகம். 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் தேயிலை, காபித் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. அது தோட்டமாக இருப்பதற்காகக் கிடைத்த விலக்கு. செடியைப் பிடுங்கி ரிசார்ட் கட்டினால் அந்த விலக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். "எஸ்டேட் வியூ" என்ற வார்த்தையைப் பார்த்து மயங்குபவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.

இ-பாஸ் கணக்கும் மே மாத வாரமும்

மலைகளின் தாங்குதிறனை, அதாவது எத்தனை வண்டிகள் வரை தாங்கும் என்பதை, ஆராய சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் இறங்கியிருக்க, இடைக்கால ஏற்பாடாக உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஓர் எண்ணிக்கையை விதித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இந்த எண்ணிக்கை பொருந்தாது.

டைம்ஷேர் உறுப்பினர் 'உள்ளூர்' ஆவாரா? மாட்டார். பங்கு உரிமைப் பத்திரம் கையில் இருந்தாலும், வண்டி வெளியூர்ப் பதிவு என்றால் பாஸ் வேண்டும். ரிசார்ட்டின் அறை உறுதிச் சீட்டு, பாஸ் விண்ணப்பத்தில் தங்குமிடம் என்ற கட்டத்தை நிரப்பத்தான் பயன்படும். பாஸுக்கு முன்னுரிமை அதனால் வராது.

இங்கே ஒப்பந்தத்தின் சிறிய எழுத்து வேலைக்கு வருகிறது. எண்ணிக்கை தீர்ந்து பாஸ் கிடைக்காமல் வாரம் வீணானால் யார் நஷ்டம்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் 'அரசு அல்லது நீதிமன்ற உத்தரவால் சேவை தர இயலாது போனால் நிறுவனம் பொறுப்பல்ல' என்ற ஷரத்து இருக்கும். ஆனால் சேவை தர இயலாமல் போவது வேறு, உறுப்பினர் வந்து சேர முடியாமல் போவது வேறு. அறை திறந்தே இருக்கிறது, நீங்கள்தான் வரவில்லை என்று நிறுவனம் சொன்னால் அந்த ஷரத்துக்கும் வேலை இல்லை, வாரம் கழிந்துவிடும். அந்த வாரத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகலாமா என்பது எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு வழி இல்லையா என்றால், உண்டு: மேட்டுப்பாளையம் அல்லது வத்தலக்குண்டில் காரை விட்டுவிட்டு பஸ் ஏறுவது. ஏழு நாள் பெட்டி படுக்கையோடு யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள்தான்.

வேறு ஊர்களில் உள்ளூர் நிர்வாகம் என்ன செய்கிறது?

ஹவாய் தீவுகள் நல்ல உதாரணம். அங்கும் இடம் குறைவு, தண்ணீர் குறைவு, வருபவர்கள் அதிகம். மவுய் நிர்வாகம் சொத்து வரியில் டைம்ஷேருக்கென்றே தனி வகுப்பு வைத்திருக்கிறது. வீடு என்று ஒளிந்துகொள்ள முடியாது. கவாய் தீவில் சுற்றுலாவுக்கென்று வரையறுத்த பகுதிகளுக்குள்தான் டைம்ஷேருக்கு இடம். ஸ்பெயின் கால அளவில் கை வைத்தது: ஒப்பந்தம் 50 வருடத்தைத் தாண்டக் கூடாது. 'என்றென்றைக்கும்' என்று எழுதிய ஒப்பந்தங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 முதல் செல்லாதவை என்று தள்ளியது.

நம் மலைகளுக்கு இதில் எது பொருந்தும்? புதுச் சட்டத்துக்குக் காத்திருக்காமல் இருக்கும் விதிகளுக்குள்ளேயே இரண்டைச் செய்யலாம்.

1. திட்ட அனுமதியிலும் மாஸ்டர் பிளானிலும், உரிமையாளர் வசிக்காமல் சுழற்சியில் தங்க வைக்கும் எந்தக் கட்டடமும் வணிக உபயோகம் என்று ஒரே வரி எழுதலாம். பத்திரம் யார் பெயரில் என்ற வாதம் அத்தோடு அடங்கும். சொத்து வரியும் மின் கட்டணமும் தானாகப் பின்னால் வரும்.

2. அனுமதி கொடுக்கும்போது அறைகளின் எண்ணிக்கையோடு, விற்கப்பட்ட வாரங்களின் எண்ணிக்கையையும் வருடா வருடம் நகராட்சியில் தாக்கல் செய்யச் சொல்லலாம். 40 அறைக்கு 2,000 வாரத்துக்கு மேல் விற்றிருந்தால் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். மே மாதத்தில் அறை கிடைக்கவில்லை என்ற புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தில் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இரண்டாவதைப் பெரிய நிறுவனங்கள் எதிர்க்கும். வாரங்களைப் பல ஊர்களுக்கும் பொதுவாக விற்பதால் ஊர்வாரியாகக் கணக்குத் தர இயலாது என்பார்கள். அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. அப்படியானால் மொத்த அறைகளையும் மொத்த உறுப்பினர்களையும் சொல்லட்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய காகிதங்கள்

விற்பனை ஹாலில் தருவது பிரசுரம். இவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும்:

1. கட்டடத் திட்ட அனுமதியின் நகல். அதில் உபயோகம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை தளம் என்று பார்த்து, நேரில் எண்ணிப் பாருங்கள்.

2. அனுமதி கொடுத்தது யார்? ஹாக்கா கிராமத்தில் ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் உள்ள வரைபடம் போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் எண் வேண்டும்.

3. கடைசி மின் கட்டண ரசீது. இதை யாரும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே இது நன்றாக வேலை செய்யும். 1ஏ என்றிருந்தால் வீட்டு இணைப்பு, 5 என்றிருந்தால் வணிக இணைப்பு. விடுதி என்று சொல்லி விற்கும் இடத்தின் ரசீதில் வீட்டு இணைப்பு இருந்தால் மற்றக் காகிதங்களைப் பார்க்கும் வேலை மிச்சம்.

4. வில்லங்கச் சான்று. இடம் நிறுவனத்துடையதா, குத்தகையா, வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா? குத்தகை என்றால் எத்தனை வருடம்? 25 வருட உறுப்பினர் திட்டத்தை 9 வருடக் குத்தகைக் கட்டடத்தில் விற்பதைத் தடுக்க ஆளில்லை.

5. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எந்த அடிப்படையில் ஏறும், உச்சவரம்பு உண்டா, கட்டாவிட்டால் வாரம் ரத்தா, தங்காத வருடத்திலும் கட்ட வேண்டுமா. கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் 'ஆமாம்'.

சீல் வைத்துவிட்டால்

கட்டடத்துக்கு சீல் விழுந்தால் வகைக்கு வகை விளைவு வேறு. உறுப்பினர் திட்டக்காரருக்கு நிறுவனம் வேறு ஊரில் இடம் தர வேண்டும். பெரிய நிறுவனம் என்றால் தரும், ஐந்து காட்டேஜ்காரரிடம் தர இடம் இருக்காது. அப்போது சேவைக் குறைபாடு என்று பணத்தைத் திரும்பக் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனமே நொடித்துப்போனால் அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கு முதல் பந்தி, உறுப்பினர்கள் கடைசிப் பந்தி.

பங்கு உரிமைக்காரர் நிலை இதைவிட மோசம். பத்திரம் அவர் பெயரில் இருப்பதால் விதி மீறிய கட்டடத்தின் உரிமையாளர்களில் அவரும் ஒருவர். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் நோட்டீஸ் அவருக்கும் வரும், இடிப்புச் செலவும் அவர் தலையில் விழலாம். மேல்முறையீடு செய்ய வேண்டியவரும் அவர்தான். பத்துப் பங்குதாரர்களில் மூன்று பேர் வெளிநாட்டில், இரண்டு பேர் பங்கை விற்க முயற்சியில் என்றால், 80ஏ மனுவில் யார் கையெழுத்துப் போடுவது, வக்கீல் கட்டணத்தை யார் பிரித்துக்கொள்வது என்பதை அந்தப் பத்துப் பேரும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். பங்குதாரர் ஒப்பந்தங்களில் எந்த வாரம் யாருக்கு என்பது பக்கம் பக்கமாக இருக்கும். இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.